மார்லிஸின் நானூற்றுப் பன்னிரண்டு கிளிக்குகள்

மார்லிஸ் குண்டர்மனுக்கு வலது மணிக்கட்டு வலிக்கிறது என்பது மானிட்டோவாக் ஊரில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் அவள் கணவர். இன்னொருத்தி நான். பட்டறைக் கழிப்பறையில் அவள் மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றிக் கைப்பையில் திணிப்பதைப் பார்த்துவிட்டேன்.

"பார்த்துட்டே, இல்ல?" என்றாள்.

"பார்த்துட்டேன்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ராட்கே பட்டறையில் இருபத்தாறு வருடமாக அவள்தான் உலோகம் வெட்டும் சிஎன்சி மில்லிங் மெஷின்களுக்குப் புரோகிராம் போடுகிறாள். கட்டர் எங்கே இறங்க வேண்டும், எந்த ஓரத்தைப் பிடித்துப் போக வேண்டும் என்று கணினித் திரையில் ஒவ்வொன்றாக மவுஸால் தொட்டுக் காட்ட வேண்டும். மெஷின் வெட்டித் தருவதை அளந்து பார்ப்பது என் வேலை. அவள் ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருக்கிறது. கை ஒத்துழைக்கவில்லை என்று தெரிந்தால் முதலாளி கர்ட் அவளைக் கருவி அறைக்கு அனுப்பிவிடுவார். அங்கே கட்டர்களைத் துடைத்து அடுக்க வேண்டும். முன்பு ஒருவரை அப்படி அனுப்பினார், நல்ல மனதோடுதான். அவர் ஏழு மாதத்தில் வேலையை விட்டு நின்றுவிட்டார்.

மார்ச் மாதத்தில் புது சாஃப்ட்வேர் ஒன்றைப் பார்க்கலாம் என்றார் கர்ட். விற்பனைக்காரப் பையன் மடிக்கணினியோடு வந்தான். மார்லிஸ் பழையதை விடமாட்டாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். மெஷின் ஓட்டும் லைல் அதை வாய்விட்டே சொன்னான்.

"அதைப் பிரிஞ்சு இருப்பியா மார்லிஸ்? ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டி மாதிரில்ல இருக்கீங்க."

"அதான் விட்டுட்டுப் போலாமான்னு பார்க்கறேன்."

லைல் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டான்.

இரண்டு சாஃப்ட்வேருக்கும் போட்டி வைக்க ஓர் அலுமினியத் தாங்கி. பழையதில் மார்லிஸ் போட்ட புரோகிராம், புதியதில் பையன் போட்டது, ஒரே மெஷின், லைலின் கைக்கடிகாரம். பழையது நாற்பத்து நாலு நிமிடம் எடுத்தது. புதியது திரையில் இருபத்தாறு என்று காட்டியது, மெஷினில் ஐம்பத்தொன்று ஆனது. எங்கள் மெஷினுக்குப் பத்தொன்பது வயது. புதியது வளைவுகளை எல்லாம் பொடிப்பொடியான வரிகளாக எழுதித் தள்ளியது. மெஷின் அவற்றை வாசித்து முடிக்காமல் நின்று நின்று நகர்ந்தது.

"ஸ்கூல் பஸ்ஸு நிறுத்தத்துக்கு நிறுத்தம் நிக்கற மாதிரி இருக்கே," என்றான் லைல்.

மார்லிஸ் யாரையும் கேட்காமல் பையனின் நாற்காலியில் உட்கார்ந்தாள். வளைவு எவ்வளவு நுணுக்கமாக இருக்க வேண்டும் என்பதற்கான எண்ணைக் கொஞ்சம் தளர்த்தினாள்.

"நாங்க டிராக்டர் பாகம் பண்றோம் தம்பி. மூக்குக் கண்ணாடி இல்ல."

இந்தத் தடவை நாற்பத்தேழு.

"அப்பவும் மூணு நிமிஷம் கூடத்தான்," என்றார் கர்ட். "பழையதே இருக்கட்டும்."

மார்லிஸ் கைப்பையைத் திறந்து ஒரு கவுண்ட்டரை எடுத்தாள். கட்டைவிரலால் அழுத்தினால் எண் ஒன்று கூடும், அந்த இரும்புச் சாமான். ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சர்ச் மண்டபத்தில் மீன் விருந்துக்கு வருகிறவர்களை வாசலில் நின்று எண்ணுவது அவள் பொறுப்பு.

"மெஷின் நேரத்தை எண்ணியாச்சு. நான் புரோகிராம் போடறதையும் எண்ணுங்களேன். லைல், நான் மவுஸை அழுத்தறப்பல்லாம் நீ இதை அழுத்து."

பழையதில் அதே தாங்கியை முதலிலிருந்து போட்டாள். இருநூறு வரை லைல் பேஸ்பால் பேசினான். அப்புறம் பேச்சு நின்றது. முந்நூறில் கவுண்ட்டரை மற்றக் கைக்கு மாற்றினான். நானூற்றுப் பன்னிரண்டில் வேலை முடிந்தது.

"என் விரலே செத்துப்போச்சு," என்றான். "இதைத் தினமும் பண்றியா?"

"ஒரு நாளைக்கு மூணு தடவை."

கர்ட் அவள் கையைப் பார்த்தார். அவள் அதை மடியில் வைத்திருந்தாள்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா கருவி ரூமுக்கு அனுப்பியிருப்பீங்க."

கர்ட் பையனின் மடிக்கணினியை அவள் பக்கம் நகர்த்தினார்.

லைல் கவுண்ட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பினான். புதியதில் அவள் பையனிடம் வழி கேட்டுக் கேட்டுப் போட்டாள். தொண்ணூற்றேழு.

கர்ட் கவுண்ட்டரை எட்டிப் பார்த்தார். "மூணு நிமிஷம்தானே. மெஷினுக்கு என்ன, கை வலிக்கப்போகுதா," என்று சொல்லிவிட்டுப் பையனைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த வெள்ளிக்கிழமை சர்ச் மண்டபத்தில் ஃபாதர் ஸ்டான் ஒலிபெருக்கியைத் தட்டினார். முந்நூற்று எண்பத்தெட்டுப் பேர் வந்திருக்கிறார்கள், இந்தச் சர்ச்சின் வரலாற்றிலேயே இதுதான் அதிகம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். சமையலறையில் மட்டும், மீன் ஏன் இவ்வளவு மிஞ்சியது என்று பேச்சு.

லைல் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "மார்லிஸ், அந்தத் தொண்ணூத்தேழை யாராவது அழிச்சோமா?"

மணிக்கட்டுப் பட்டை எல்லோருக்கும் தெரியும்படி அவள் வலது கையில் இருந்தது. இடது கையால் உருளைக்கிழங்கைக் குத்த முயன்றுகொண்டிருந்தாள்.

"ஃபாதர் சந்தோஷமா இருக்காரு," என்றாள். "நீ சாப்பிடு."