துப்பாக்கிக் கட்டைக்குள் ஒரு பெயர்

போன வருட மழைக்காலத்தில், பெங்களூரு விவேக் நகரில் நடந்தது இது.

பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிக்கிறேன் என்றால் எல்லாரும் ஓரடி தள்ளி நிற்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. கழித்துவிட்ட துப்பாக்கிகளின் இரும்பை உருக்கிவிடுவார்கள். தோளில் பதியும் பின்பக்க மரக்கட்டை மட்டும் சில சமயம் சிவாஜி நகர் பழைய சாமான் கடைகளுக்கு வரும். நான் வாங்குவது அதைத்தான். என் கணவர் அதற்கு வைத்திருக்கும் பெயர் விறகு. எனக்கோ, அது யார் தோளில் இருந்தது என்று கண்டுபிடிக்காவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

அப்படி வாங்கிய ஒரு கட்டையின் முனையில் இருந்த பித்தளைத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே மரத்தில் ஆணியால் கீறிய ஒரு பெயர், தமிழில், இனிஷியலோடு! எனக்குத் தலைகால் புரியவில்லை. அதிகம் கேள்விப்படாத பெயர் என்பதால், முன்னாள் ராணுவத்தினர் பலரிடம் விசாரித்து, ஒரு வழியாக ஆளைப் பிடித்துவிட்டேன். எண்பது தாண்டியவர்.

ஆளுக்குத் தகுந்த நீளத்தில்தான் கட்டை பொருத்துவார்கள். இது குட்டையாக இருந்ததால் மனிதரும் குள்ளமாக இருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். துணிப்பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். "பையனுக்கு கிரிக்கெட் பேட்டா?" என்று பக்கத்து சீட் பெண்மணி கேட்டார். ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன்.

கதவைத் திறந்தவர் நிலைப்படி இடிக்கும் உயரம்! கட்டையை வாங்கித் தோளில் வைத்துப் பார்த்துச் சிரித்தார்.

"இது என்னுது இல்லம்மா. எங்க செக்‌ஷன்ல குட்டைக் கட்டை ஒருத்தனுக்குத்தான்."

"ஆனா உங்க பேர்தானே இருக்கு, அங்கிள்?" என்று தகட்டைக் கழற்றிக் காட்டினேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. மகளைக் கூப்பிட்டு லைட்டைப் போடச் சொன்னார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

சண்டைக்குப் புறப்படும் முன் அவர்கள் குழுவில் ஒரு வழக்கம் இருந்ததாம். தகட்டுக்குள் ஒரு பெயரைக் கீறுவார்கள். யார் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார்களோ, அவர் பெயரை. அம்மா, மனைவி, பிள்ளை என்று யாராகவும் இருக்கலாம். வெளியே சொல்லக் கூடாது. குட்டைக் கட்டைக்காரர் இவருடைய உயிர் நண்பர். லீவு இவருக்குக் கிடைத்து, நண்பருக்குக் கிடைக்காமல் போனதில் பெரிய வாய்ச்சண்டை. மாதக்கணக்கில் பேச்சில்லை. அந்த மனஸ்தாபத்தோடு எல்லைக்குப் போனவர்களில் நண்பர் திரும்பவில்லை. துப்பாக்கி மட்டும் திரும்பி வந்து வேறு யார் யாருக்கோ போயிருக்கிறது.

"என் மேல கோவத்தோடயே போயிட்டான்னுல்ல இத்தன வருஷமா நெனச்சிட்டிருந்தேன்..." என்றவர் அழுதுவிட்டார்.

"அம்மா போனப்பகூட அப்பா அழலையே" என்று மகள் திகைத்து நின்றார். எனக்கும் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

கட்டையை அவரிடமே கொடுத்துவிட்டு வெறும் பையோடு வீடு திரும்பினேன். "விறகு எங்கே?" என்று கேட்ட கணவருக்கு நடந்ததைச் சொன்னேன். மனிதர் அதன் பிறகு அந்த வார்த்தையைச் சொல்வதில்லை.

இப்போதெல்லாம் யாராவது என்னிடம் முகம் கொடுத்துப் பேசாமல் போனால், என்னை வெறுத்துவிட்டார்கள் என்று முடிவுகட்ட எனக்கு மனம் வருவதில்லை.