கதிரை போட்ட தோணி

கோணாமலை தன் மனைவியின் தமையன் கந்தப்போடிக்கு எழுபத்தையாயிரம் ரூபா கடன்பட்டிருந்தான். தோணிக்குப் பூட்டும் எஞ்சின் வாங்கிய கடன். 2004ஆம் ஆண்டு கார்த்திகையில் வாங்கினான். மார்கழியில் கடல் ஊருக்குள் வந்து எஞ்சினைக் கொண்டுபோனது. தோணியை மட்டும் வாவிக்கரைச் சேற்றில் வளரும் கண்ணாக்காட்டு வேர்களுக்குள்ளிருந்து நாலு பேர் சேர்ந்து இழுத்தெடுத்தார்கள். எஞ்சின் போய்விட்டது. கடன் அப்படியே நின்றது.

அமிர்தகழியில் கோணாமலையைத் தெரியாதவர் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிறத்தியாரின் தோணியில் தண்ணீர் இறைத்துத் தொடங்கி, இருபத்திரண்டு வயதில் சொந்தத் தோணி வைத்தான். யாரும் தூக்கிவிடவில்லை. தன் கோலைத் தானே ஊன்றி வந்தவன். மட்டக்களப்பு வாவியில் அவனுக்குத் தெரியாத பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. இதை அவனே சொல்வான், நாளைக்கு நாலு தரம் சொல்வான். சொன்னால் என்ன, உண்மைதானே.

அப்படிப்பட்டவனைக் கந்தப்போடி ஒரே வார்த்தையால் கட்டிப்போட்டிருந்தான்.

"காசு என்ட கைக்கு வருமட்டும் உங்கட வீட்டுல நான் கை நனைக்க மாட்டன்."

வேலிப் படலையில் நின்று அதைச் சொல்லிவிட்டுப் போனான். அவர்களுக்குள் அது ஒரு முறை. ஒரு வீட்டில் சோறு தின்றவன் அந்த வீட்டாரிடம் காசுக் கணக்குப் பேசக் கூடாது. சோறு போட்டவனும் தின்றவனிடம் கூலி வாங்கக் கூடாது. கந்தப்போடி உன்னிச்சையில் வயல் செய்கிறவன், முறை தவறாதவன். காசு கேட்க வேண்டியிருந்தபடியால் சோற்றை விட்டான். அதுவும் எந்த வீடு? அவன் பிறந்த வீடு. பெண்பிள்ளைக்கு வீட்டைக் கொடுக்கும் வழக்கப்படி தங்கை கண்ணகைக்குச் சீதனமாகப் போன வீடு. நாலு வருடத்துக்கு மேலாக அவன் படலையைத் தாண்டவில்லை. கண்ணகை செம்பில் தண்ணீர் நீட்டினால்கூட "தாகமில்ல புள்ள" என்பான். அவள் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைப்பாள். எஞ்சின் போனதைவிட அதுதான் கோணாமலைக்கு நெஞ்சில் முள்.

கடனைக் கட்ட வழியும் இருக்கவில்லை. சண்டைக் காலத்தில் வாவியில் இறங்க நேரம் வைத்தார்கள், வலை வீச இடம் வைத்தார்கள். பிடித்த மீன் சட்டிக்கே போதவில்லை. கந்தப்போடியின் வயலும் அந்த வருடங்களில் பாதி தரிசு.

2009 வைகாசியில் சண்டை முடிந்தது. அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த கோணாமலைக்கு முன்னால் இரண்டு வெள்ளைக்காரர் வந்து நின்றார்கள். நெடுவலான மாப்பிள்ளை யூக்கா, சிவந்த மூக்கோடு பெண்சாதி ஹெலி. பின்லாந்துக்காரர். ஊர்களுக்குக் குடிதண்ணீர்க் குழாய் போடும் ஒரு நிறுவனத்தில் வேலைக்கு வந்து டவுனில் வீடெடுத்து இருந்தார்கள். ஹெலி தமிழ் படித்திருந்தாள்.

"ஐயா, தோணி வேணும். நாங்களே தள்ளுவம்."

"நீங்க தள்ளுறதா? அப்ப நான் என்ன செத்தா போயிற்றன்?"

"எங்கட நாட்டுல நிறையக் குளம். சனி, ஞாயிறு எண்டா நாங்க வீட்டுல இரிக்கிறல்ல. எவ்வளவு காசு?"

அந்த இடத்தில் ஒரு தொகையைச் சொல்லியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் கோணாமலைக்கு வாய் முந்திக்கொண்டது.

"காசு கிடக்கட்டும். கண்ணகைட நண்டுக்கறி திண்டிரிக்கிறீங்களா? அதத் திண்ணாத ஆக்கள் மட்டக்களப்பக் கண்டதெண்டு வாயால சொல்லப்படாது. வாங்க வீட்ட!"

கூட்டிக்கொண்டு போனான். யூக்கா மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிய மூன்று தரம் சோறு வாங்கித் தின்றான். தின்று கை கழுவி, பணப்பையை எடுத்தான். கோணாமலை பாம்பைக் கண்டவன்போலப் பின்னால் போனான்.

"திண்ட கையாலயா காசு தாறீங்க? உள்ளுக்கு வைங்க!"

அவர்கள் போன பிறகு கண்ணகை கேட்டாள்.

"இப்ப என்ன செய்யப் போறீங்க? கிழமைக்குக் கிழமை சும்மா கொண்டு திரியப் போறீங்களா?"

"வாய் முந்திற்றுது கா."

"முந்தும், முந்தும். உங்கட வாய்க்கு எஞ்சின் பூட்டத் தேவல்ல."

சும்மாதான் கொண்டு திரிந்தான். ஆனால் ராசாவைப்போலக் கொண்டு திரிந்தான். அடுத்த சனிக்கிழமை மரண உதவிச் சங்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் கதிரை இரவல் வாங்கித் தோணிக்குள் போட்டான். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைப் பலகையில் குந்த வைப்பதா? பெரிய கறுப்புக் குடை ஒன்றையும் விரித்துக் கொடுத்தான். நடு வாவிக்குப் போனதும் கச்சான் காற்று எழும்பிக் குடைக்குள் புகுந்தது. ஹெலி கொக்கைப் படம் பிடிக்க எழும்பினாள். ஒரு கதிரை வழுக்கியது, மற்றக் கதிரை அதன் மேல் வந்தது, தோணி கவிழ்ந்தது.

நல்ல காலம், இடுப்பளவு தண்ணீர். கோணாமலை கோலைப் பிடித்தபடி சேற்றில் நின்றான். அவன் தோணி வைத்த நாள் முதல் கவிழ்ந்ததில்லை. செத்துப்போகலாம்போல இருந்தது. அப்போது பாசி தொங்கும் தலையோடு இரண்டு பேரும் எழும்பினார்கள். எழும்பி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். யூக்கா தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லைக் கத்தினான்.

"மறுகா! மறுகா!"

இன்னொரு தரம் கவிழ்க்கட்டுமாம்! கோணாமலைக்குப் பதில் சொல்ல நேரமில்லை. சங்கத்துக் கதிரை ஒன்று மிதந்து போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் நீந்தினான்.

அதற்குப் பிறகு அவர்கள் போகாத இடமில்லை. நிழல் இருக்க வெயிலில் நடந்தார்கள், வீடு இருக்கக் கூடாரத்தில் படுத்தார்கள். உன்னிச்சைக் குளக்கட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யானை லத்தியைக் கண்டதும் கோயிலைக் கண்டதுபோல நின்று படம் பிடித்தார்கள். வாகரைக்குச் சைக்கிளில் போவோம் என்றார்கள். அங்கே கடலும் சண்டையும் தின்ற மிச்சத்தில் சனங்கள் மறுபடி கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐம்பது வயதுக் கோணாமலை அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு முழம்கூடப் பிந்தாமல் மிதித்தான். பத்து வருடமாகப் போகாத தெருவில் யாரும் மறிக்காமல் போனபோது, அவனும் வாய்விட்டுச் சிரித்ததைப் பனிச்சங்கேணிப் பாலம் கண்டது.

ஆவணியில் கந்தப்போடி படலைக்கு வந்தான்.

"விதைப்பு வருகுது மச்சான். இந்த முறை வட்டை முழுக்க விதைக்கப் போறன், ஒரு துண்டு வயலும் மிச்சம் விடாம. உழவுக்கும் விதைநெல்லுக்கும் காசு வேணும். ஏலாட்டிச் சொல்லு, தோணிய வித்துத் தா."

கோணாமலை தோணி நிற்கும் கரைப் பக்கம் பார்த்தான்.

"வெள்ளைக்காரரோட குளக்கட்டெல்லாம் திரியிறயாமே. கூலி நல்லாத் தாறாங்களோ?"

"கூலியா? அவங்க என்ட வீட்டுல சோறு திண்ட ஆக்கள், மச்சான்."

 அந்த முறைக்காகத்தானே கந்தப்போடியும் நாலு வருடத்துக்கு மேலாகப் படலையில் நிற்கிறான்.

"அது சரி," என்று சொல்லிவிட்டுக் கிறுகி வந்த வழியே போனான்.

அந்தச் சனிக்கிழமை கண்ணகை ஹெலியைப் பக்கத்தில் இருத்தினாள்.

"நீங்க வேலை செய்யிற கந்தோரில வேற ஆக்கள் இல்லையா புள்ள? என்ட சோறு திண்ணாத ஆக்கள்?"

காரணத்தைக் கேட்டதும் ஹெலி தலையில் கை வைத்தாள். காசை நீட்டி இந்த மனிதரை அவமானப்படுத்திவிட்டோமோ என்று இரண்டு மாதமாக அவளும் யூக்காவும் யோசித்துக்கொண்டிருந்தார்களாம்.

"எத்தனை பேர் வேணும் அம்மா?"

"எழுபத்தையாயிரம் ரூபாக்கு எத்தனை பேரோ, அத்தனை பேர்."

வந்தார்கள். டவுனில் இருந்த வெளிநாட்டார் எல்லாரும் வந்தார்கள், பிறகு அம்பாறையிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் வந்தார்கள். கண்ணகை இறங்குதுறையில் நின்று முதலில் காசை வாங்கினாள். ஒருவருக்கும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. நண்டுக்கறி வாசம் கரைக்கு வரும், கறி வராது. "கடைசி நாள் எல்லாருக்கும் சோறு" என்று ஹெலி அவரவர் பாஷையில் சொல்லிவைத்தாள்.

வந்தவர்கள் ஒரே ஒரு சாமானைக் கேட்டார்கள்.

"கதிரை எங்க?"

யூக்கா கவிழ்ந்த கதையை எல்லா இடமும் சொல்லியிருந்தான்.

"ஏலா!" என்றான் கோணாமலை. "கவிழ்க்கிறதுக்கா நான் தோணி வச்சிரிக்கன்? ஊர் சிரிக்கும்."

"ஊர் சிரிக்கட்டும்," என்றாள் கண்ணகை. "என்ட அண்ணன் என்ட வீட்டுல சோறு திண்ணட்டும்."

கோணாமலை மறுபேச்சில்லாமல் போய் இரண்டு கதிரை விலைக்கு வாங்கினான். கவிழ்க்கத் தனிக் கூலி. கவிழ்ப்பதென்றால் லேசா? சேறில்லாத மணல் மேடு பார்க்க வேண்டும், காற்றைப் பார்க்க வேண்டும், கமெராக்களை முதலே கரையில் வைப்பிக்க வேண்டும். ஒருவருக்கும் ஒரு கீறல் படாமல், பூவைக் கொட்டுவதுபோலக் கொட்டினான். இரண்டாம் கிழமையே, "என்னப்போலக் கவிழ்க்க இந்த வாவியில ஆள் இல்ல" என்று சொல்லத் தொடங்கிவிட்டான். அதுவும் உண்மைதான். மீன் பிடித்துக் காசு பார்த்தவர் அங்கே ஆயிரம் பேர். தோணி கவிழ்த்துக் காசு பார்த்தவன் கோணாமலை ஒருவன்தான்.

விதைப்புக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் பாய் விரித்து வாழையிலை போட்டார்கள். இருபதுக்கு மேல் வெளிநாட்டார் காலை மடக்கத் தெரியாமல் மடக்கி இருந்தார்கள். யூக்காவும் ஹெலியும் முன்வரிசை. கண்ணகை நண்டு, இறால், மணலை மீன், சொதி எல்லாம் இறக்கிவிட்டாள். ஒரு பருக்கை இலையில் விழவில்லை.

கந்தப்போடி படலைக்கு வெளியே நின்றான்.

"உள்ளுக்கு வாங்க அண்ணன்."

"காசத் தா புள்ள, எண்ணத் தேவல்ல. எனக்குத் தெரியாதா?"

"எண்ணித்தான் தருவம்," என்றான் கோணாமலை. "சோறு திண்ட பொறகு கணக்குப் பேச ஏலாது மச்சான். நீட்டு கைய."

கந்தப்போடி படலைக்கு மேலாக வலக்கையை நீட்டினான். தாள்கள் எல்லாம் ஆயிரம் ரூபா. கவிழ்த்த கூலியாக நனைந்த பையிலிருந்து வந்த சில, வெயிலில் காய்ந்து அப்பளம்போல மொறுமொறுத்தன. கோணாமலை அயல் முழுக்கக் கேட்கிற குரலில் எண்ணினான். மூன்றாம் வகுப்புப் படிப்பு அதற்குத் தாராளம். ஐம்பதுக்கு மேல் ஹெலியும் சேர்ந்து எண்ணினாள். அறுபதுக்கு மேல் யூக்காவும், பாஷை தெரியாத மற்றவர்களும் பின்னால் சொன்னார்கள். கண்ணகை கை கழுவத் தண்ணீர்ச் செம்போடு அண்ணன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எழுபத்து மூணு. எழுபத்து நாலு."

 கோணாமலை ஒரு மூச்சு நிறுத்தி, எல்லாரையும் ஒருமுறை கிறுகிப் பார்த்து, கடைசித் தாளை மச்சானின் விரிந்த உள்ளங்கையில் வைத்தான்.

"எழுபத்தஞ்சு."