குறை சொல்லச் சொல்ல

நல்ல கருவியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நான் குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

கழக்கூட்டத்தில் எங்கள் அலுவலகம் ஓர் ஆஸ்பத்திரிக்காக டிஸ்சார்ஜ் குறிப்புகளைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறது. நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கமிருந்து எல்லை தாண்டி வந்து சிகிச்சை முடிந்து போகிறவர்களுக்கு, டாக்டர் ஆங்கிலத்தில் எழுதியது வீட்டில் போய் வாசித்தாலும் புரிய வேண்டும். இந்த வேலைக்கு நாங்கள் இரண்டு பேர். நான் உள்ளூர்க் கரமனைக்காரி, நிரந்தர ஊழியர். இன்னொருத்தி மார்த்தாண்டத்திலிருந்து தினமும் ரயிலில் வருகிறவள், ஒப்பந்த ஊழியர். வருஷத்துக்கு ஒரு தடவை கையெழுத்து வாங்கி நீட்டிப்பார்கள். கணவருக்கு முதுகில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் ஆனதிலிருந்து அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

அன்றாட வேலைக்கு உதவும் ஏஐ கருவிகளைப் பயன்படுத்திப் பார்த்து எது தேறும் என்று சொல்லும் பொறுப்பை எங்கள் மேலாளர் என் தலையில் கட்டினார். மொழிபெயர்ப்புக்கு நல்லதாக ஒன்று அமைந்துவிட்டால் அவளுடைய ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டார்கள் என்பதையும் அவரே சொல்லிவிட்டார். ஒளித்துப் பேசத் தெரியாத மனிதர். அதை நல்ல குணம் என்று என்னால் இன்றுவரை நினைக்க முடியவில்லை.

முதலில் வந்தவை எனக்கு வேலையே வைக்கவில்லை. கூட்டக் குறிப்பு எடுக்கும் கருவி, நாங்கள் எடுக்காத முடிவுகளை அழகாக வரிசைப்படுத்தித் தந்தது. மெயில் எழுதும் கருவி ஒரு நாள் லீவுக்கு ஒரு பக்கம் உருகியது. இரண்டையும் கழித்துக் கட்டினேன். இப்படியே போனால் பிழைத்துக்கொள்வோம் என்று அவளிடம் சொல்லிச் சிரித்தேன்.

மூன்றாவதாக வந்ததுதான் மொழிபெயர்க்கும் கருவி. ஆரம்பத்தில் அதுவும் உளறியது. 'உணவு உட்கொள்ளுமுன்' என்று பாடப்புத்தகம்போல எழுதியது. சர்க்கரை நோயாளிக்குச் சோற்றைக் குறைக்கச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டது. அவள் ஊர்ப்பக்கம் சோற்றைக் குறைக்கச் சொன்னால் அந்த இடத்தில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு வந்து உட்காரும், அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் சொன்னதற்கே பலன் இல்லை. அது கருவிக்கு எங்கே தெரியும்? நான் குறைகளைச் சந்தோஷமாக எழுதி வைத்தேன்.

அவளோ அவற்றைத் திருத்திவிட்டாள். சோதனைக்காக வந்தது, பிழையோடு அப்படியே விடு என்று எத்தனையோ முறை சொன்னேன். அவளால் முடியவில்லை. குறிப்பு என்று ஒன்று கண்ணில் பட்டால் அது யாரோ ஒரு நோயாளியின் கையில் இருப்பதாகத்தான் அவளுக்குத் தோன்றும். குறிப்பு எச்சரிக்கையோடு முடியக் கூடாது என்பது எங்கள் இருவருக்கும் பழகிப்போன வழக்கம். காய்ச்சல் வந்தால், இரத்தம் கசிந்தால் என்று பயமுறுத்திவிட்டு, கடைசியில் 'பயப்பட வேண்டாம், சரியாகிவிடும்' என்று ஒரு வரி சேர்ப்போம். கருவி எழுதிய ஒவ்வொன்றிலும் அதையும் சேர்த்தாள். திருத்தியதைத்தான் கருவி மாதிரியாக எடுத்துக்கொள்ளும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அடுத்து வந்த குறிப்புகளில் மரச்சீனி இருந்தது. 'சாப்பாட்டுக்கு முந்தி' இருந்தது. பயப்பட வேண்டாம் என்பதும் இருந்தது. நான் குறை சொல்லச் சொல்ல, அவள் திருத்தத் திருத்த, அது தேறிக்கொண்டே வந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைப்பது என்றால் இதுதான்.

பிறகு ஒரு நாள் அது வசமாக மாட்டியது. இனிச் சிகிச்சையில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவைத்த ஒரு பெரியவரின் குறிப்பு. வலி மருந்து, படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்க வைக்கும் முறை, எல்லாம் சரியாக எழுதிவிட்டுக் கடைசியில் 'பயப்பட வேண்டாம், சரியாகிவிடும்' என்று போட்டிருந்தது. அப்படிப்பட்டவர்களின் குறிப்பில் நாங்கள் அந்த வரியை எழுதவே மாட்டோம். யாரும் சொல்லித் தந்ததில்லை, எங்களுக்குள்ளேகூட அதைப் பற்றிப் பேசியதில்லை. எழுதக் கை வராது, அவ்வளவுதான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சாகக் கிடக்கும் ஒரு மனிதரின் காகிதத்தைப் பார்த்துச் சந்தோஷப்படும்படி ஆகிவிட்டோமே என்று உடனே என் மேலேயே வெறுப்பும் வந்தது. ஆனாலும் அதை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். இது போதும், இந்தக் கருவியை நம்ப முடியாது என்றேன்.

அவர் இரண்டு தடவை வாசித்தார். முகம் வாடிவிட்டது. தன் அப்பாவையும் இப்படித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள் என்றார். வென்றுவிட்டோம் என்றே நினைத்தேன்.

"அதுக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தா மதி, சேச்சி," என்று பாதி மலையாளத்தில் சொன்னார்.

கருவிக்கு ஒரு வரி கட்டளை போதுமாம். இடத்துக்கு வந்து கணினி முன்னால் உட்கார்ந்தேன். எழுதாமல் விட்டால் கருவியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் மிஞ்சும். ஆனால் நான் சொல்வதைக் கேட்காமல் அவர்கள் இதை வாங்கிவிட்டால், 'சரியாகிவிடும்' என்ற அந்த வரி யாரோ ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சேரும். கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அவள் பின்னால் வந்து நின்றாள்.

"எழுதிருங்கக்கா. அந்த வீட்டுக்காரங்க என்ன பாவம் செஞ்சாங்க?"

எழுதினேன். இனிச் சிகிச்சையில்லை என்று அனுப்பப்படுபவர்களுக்கு இந்த வரியைச் சேர்க்காதே என்று, அவ்வளவுதான். பழைய குறிப்புகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தோம். ஒன்றில்கூடத் தவறவில்லை. எங்கே ஆறுதல் சொல்ல வேண்டும், எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று இத்தனை வருஷம் நாங்கள் பழகி வைத்திருந்தது ஒரே வரியில் அடங்கிவிட்டது. அன்று மாலை அறிக்கையில் 'தேறும்' என்று எழுதிக் கொடுத்தேன். பொய் சொல்லாமல் வேண்டாம் என்று எழுத ஒரு காரணமும் மிச்சமில்லை.

வீட்டுக்குப் போக இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். நெடுஞ்சாலையில் வழக்கமான நெரிசல். அவள் அழவில்லை, கோபமாகவும் இல்லை. கணக்குப் போடுகிறவளைப்போலக் கேட்டாள்.

"நமக்குத் தெரிஞ்சதுல அதுக்குத் தெரியாதது இனி என்னக்கா பாக்கி இருக்கு?"

ஏதாவது இருக்கும், யோசிப்போம் என்றேன். அவள் ரயில் பிடிக்க இறங்கும் தம்பானூர் வரும்வரை இருவரும் யோசித்துக்கொண்டே வந்தோம். ஒன்றும் அகப்படவில்லை.