லீலாவின் காதுகுத்துக்குச் சம்மதம்

ஆமத்தூர் ராக்கப்பனின் மகன் பாண்டிமுருகன், ஐம்பதை நெருங்கும் வயதில் பிரெஞ்சு மொழி படிக்கப் போகிறார் என்ற செய்தியை ஊரில் முதலில் யாரும் நம்பவில்லை. நம்பிய பிறகு சிரித்தார்கள்.

“ஏலே பாண்டி, நம்மது வானம் பாத்த பூமிலே. தமிழ்ல கூப்பிட்டு வராத மழை பிரெஞ்சுல கூப்பிட்டா வந்துருமோ?” என்று டீக்கடை பெஞ்சில் இருந்தபடி கேட்டான் காளிராஜ். பங்காளி முறை, ஒத்த வயது, சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனிக்கு வேன் ஓட்டுபவன்.

“வந்தா உங்காட்டுல மட்டும் பெய்ய வேண்டாம்னு சொல்லிப்புடுறேன்” என்றார் பாண்டிமுருகன்.

கடையே சிரித்தது. ஆனால் எதற்காகப் படிக்கிறார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அது எல்லோரும் அறிந்ததுதான்.

அவருடன் பிறந்தவள் ஒரே தங்கை, பாண்டிமீனா. விருதுநகரில் கல்லூரி, மதுரையில் மேல்படிப்பு, பிறகு ஆராய்ச்சிக்கென்று பிரான்ஸ் என்று படிப்பு அவளைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோயிற்று. அங்கேயே லூக் என்பவரை விரும்பி மணந்தாள். மாப்பிள்ளை ஒரே ஒருமுறை ஆமத்தூர் வந்திருந்தார். வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் பந்தி முடியும்வரை ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. பாண்டிமுருகனின் ஆங்கிலமோ அதிலும் பாதி. ஆனாலும் யாருக்கும் அது குறையாகத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் மீனா நடுவில் உட்கார்ந்து, இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துப் பேச்சை இந்தப் பக்கத்துக்கும் மாற்றிக்கொண்டே இருப்பாள். மகள் லீலா பிறந்த பின்பும் அப்படியே நடந்தது.

லீலாவுக்கு நான்கு வயதானபோது மீனா ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனாள். விசா கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தங்கையின் இறுதிச் சடங்கை அண்ணன் கைப்பேசியில் பார்த்தார்.

அதன் பிறகும் லூக் ஞாயிற்றுக்கிழமைகளில் அழைக்கத் தவறவில்லை. ஆனால் நடுவில் இருந்தவள் இல்லை. இருபுறமும் கையசைப்பார்கள், சிரிப்பார்கள், சாப்பாடு ஆயிற்றா என்று வாயருகே விரல் குவித்துக் காட்டுவார்கள். மறுபடியும் கையசைப்பார்கள். மொழிபெயர்க்கும் செயலி ஒன்றை யாரோ பதிந்து கொடுத்தார்கள். பாண்டிமுருகன் தமிழில் பேச, கைப்பேசி ஒரு பெண்ணின் குரலில் பிரெஞ்சில் சொல்லிற்று. அந்தக் குரலைக் கேட்டதும் லீலா எழுந்து, திரையின் ஓரங்களில் யாரையோ தேடினாள். “மமான்?” என்று ஒரு தடவை கேட்டாள். அந்த ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்ல எந்தச் செயலியும் தேவைப்படவில்லை. அன்றைக்கே அதை நீக்கிவிட்டார்.

அந்த ஆண்டு வத்தல் சீசனில் மூட்டைகளோடு விருதுநகர் மண்டியில் இருந்தபோதுதான் ஜெய்லானி பாய் சொன்னார். பல வருடங்களாகப் பாண்டிமுருகன் மிளகாய் போடுவது அவருடைய கமிஷன் கடையில்தான்.

“நம்ம மருமக தஸ்லிமா காரைக்கால் பொண்ணுல்ல? பிரெஞ்சு அதுக்குத் தண்ணி பட்ட பாடு. சிவகாசி பிரஸ்காரக பிள்ளைகள்லாம் வீட்டுக்கு வந்து படிச்சிட்டுப் போகுதுக. நர்ஸ் ஒண்ணு கனடா போகணும்னு படிக்குது. நீங்களும் வாங்களேன்.”

“அந்தப் பிள்ளைகளோட பிள்ளையா நான் உக்காரவா பாய்?”

“தனியா வாங்க. உங்களுக்குன்னு ஒரு நேரம் ஒதுக்கச் சொல்றேன்.”

அப்படித்தான் தொடங்கிற்று. தனியாகப் படிப்பதில் இருந்த நன்மையைப் பாண்டிமுருகன் முதல் வாரத்திலேயே உணர்ந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தஸ்லிமா பாடநூலின்படி நடத்தினாள், கனடா போகவிருந்த பிரீத்திகாவுக்கு நோயாளியிடம் பேசும் பேச்சிலிருந்து தொடங்கினாள், இவரிடம் மட்டும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்: “அண்ணே, ஞாயித்துக்கிழமை மருமக வந்து நின்னா, முதல்ல என்ன கேக்கணும்னு நினைக்கிறீங்க?”

அவர் வெகுநேரம் யோசித்தார். “பல்லு விழுந்திருச்சான்னு கேக்கணும்மா. முன்பல்லு ஆடுது.”

அவருடைய முதல் பிரெஞ்சு வாக்கியம் அதுதான். தப்பும் தவறுமாகச் சொல்லிச் சொல்லிப் பழகினார். வேறு ஆட்கள் இல்லாததால் கூச்சம் இல்லை. நாக்கு புரளாத இடத்தில் தஸ்லிமா நிறுத்தி, சிரிக்காமல், திரும்பச் சொல்ல வைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அதைக் கேட்டபோது லீலா வாயைப் பிளந்து பல் போன இடத்தைக் காட்டிவிட்டு, நிறுத்தாமல் எதையோ பேசினாள். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் அவர் மனைவி அருணாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சொன்னதுக்குப் பதில் சொல்லுதுங்க பிள்ள!” என்றாள்.

ஒரு வருடத்துக்குள் பதிலும் புரியத் தொடங்கிற்று. லீலாவின் பள்ளிக்கூடம், அவள் வெறுக்கும் காய்கறி, மாடிவீட்டு நாயின் பெயர் எல்லாம் ஆமத்தூருக்கு வந்து சேர்ந்தன. லூக்கும் அவருக்காக மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டார்.

எனினும் பாண்டிமுருகன் படித்ததற்கு மூல காரணம் வேறு ஒன்று. அந்தக் குடும்பத்தில் பிறந்த பெண் வயிற்றுப் பிள்ளைக்குக் குலதெய்வக் கோயிலில் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். ஒற்றைப்படை வயதில் குத்த வேண்டும். மூன்றில் குத்துவதாக இருந்தது. மீனா நோயில் விழுந்தாள். ஐந்தில் யாருக்கும் மனம் இல்லை. வரும் கோடையில் லீலாவுக்கு ஏழு. அந்த ஒரு சடங்குக்குத்தான் அவளை உரிமையோடு அழைக்க முடியும் என்று அவர் எண்ணினார். மற்றபடி, தங்கை இல்லாத மாப்பிள்ளையை எதைச் சொல்லி அவ்வளவு தொலைவிலிருந்து வரச் சொல்வது? ஒருமுறை வந்து இந்த மண்ணை மிதித்துப் போனால், பிள்ளைக்கு இப்படி ஓர் இடம் உண்டு என்பது தெரியும். இல்லாவிட்டால் வளர வளர அவளுக்கு மாமன் திரையில் கையசைக்கும் ஒரு முகம்தான்.

பங்குனியில் அதற்கான வாக்கியங்களைத் தஸ்லிமாவோடு உட்கார்ந்து ஒழுங்கு செய்தார். லீலாவுக்குக் காது குத்த வேண்டும். அது எங்கள் குடும்பத்தின் ஆசை. மீனாவின் ஆசையும் அதுதான். அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும்.

“அவ்வளவுதானாண்ணே? இங்க கூட்டிட்டு வாங்கன்னும் சேத்துச் சொல்லிடலாமே” என்றாள் தஸ்லிமா.

“இல்லம்மா. சம்மதம் கேக்கையிலயே வா, இன்ன தேதின்னா, முடிவு பண்ணி வச்சிக்கிட்டுக் கேக்குற மாதிரி இருக்கும். மாப்பிள்ளை வீட்டாளுகள அப்படிக் கேக்கப்படாது. முதல்ல சம்மதம். அவுக சரின்னதும் நாள் குறிச்சு, முறையா அழைக்கணும்.”

அவளும் அப்படியே எழுதிக் கொடுத்தாள். அவளுடைய வீட்டில் பெண் குழந்தைகளுக்குத் தட்டானை வரவழைத்துக் காது குத்திவிடுவார்கள். அதில் மாமனும் மடியும் கோயிலும் கிடையாது. பாண்டிமுருகனுக்கோ காதுகுத்து என்ற சொல்லுக்குள்ளேயே அவையெல்லாம் இருந்தன. தனித்தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியவை என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பிழையும் இல்லாமல் கேட்டார். லூக் திரும்பி லீலாவைப் பார்த்தார். பிறகு, “உய், சரி. நல்ல யோசனை. கட்டாயம்” என்றார்.

அந்தச் சம்மதம் வீட்டையே புரட்டிப்போட்டது. அருணாதேவி விருதுநகருக்குப் போய்ச் சின்னதாகச் சிவப்புக்கல் தோடு வாங்கி வந்தாள். பங்காளிகளுக்குச் சொல்லியாயிற்று. பந்தலுக்குக் காளிராஜ் தானே பொறுப்பு என்றான். “வெள்ளைக்காரன் வர்றான்ல, கம்பெனில சொல்லி ஒரு பத்தாயிரம் வாலா வாங்கிப் போட்டுருவம்” என்றான். “பிள்ள பயந்துரும், சும்மா இருலே” என்று பாண்டிமுருகன் அதட்டினாலும், அவர் முகம் அதட்டவில்லை. இனி மாப்பிள்ளையை முறையாக அழைக்க வேண்டும். அந்த வாக்கியங்களையும் தஸ்லிமாவோடு தொடங்கியிருந்தார்.

மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் அவருடைய கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. லீலா சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு காதிலும் வெள்ளிப் பொட்டுப்போல் ஏதோ மின்னிற்று. கீழே லூக் எழுதியிருந்ததை யாருடைய உதவியும் இல்லாமல் அவரே படித்தார். லீலாவின் பிறந்தநாளுக்காக நேற்றுக் கடைக்கு அழைத்துப் போனேன். நீங்கள் கேட்டபடி செய்துவிட்டேன். மீனா மகிழ்ந்திருப்பாள். எனக்கு இதை நினைவூட்டியதற்கு நன்றி.

மறுபடியும் படித்தார். புரியாத சொல் ஒன்றாவது இருந்தால் அதன் மீது பழியைப் போட்டிருப்பார். ஒன்றும் இல்லை.

“என்ன, தராச பாக்காம போனப் பாத்துக்கிட்டு நிக்கிறீக?” என்றார் ஜெய்லானி பாய். தராசை அப்படியே விட்டுவிட்டுப் பாண்டிமுருகன் பாயின் வீட்டுக்கு நடந்தார். படத்தைப் பார்த்ததும் தஸ்லிமா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

“நான்தான்ணே யோசிச்சிருக்கணும். அங்க காது குத்தறதுன்னா கடையில போய்க் குத்திக்கிறதுதான். ஐயோ...”

“நீ என்ன பண்ணுவ தாயி. நான் சொல்லச் சொன்னதத்தான் நீ சொல்லிக் குடுத்த.”

“நான் பேசறேன்ணே. போன் பண்ணி விளக்கமா சொல்றேன். அவர் புரிஞ்சுக்குவார். மேல்காது குத்தணும், அதுக்குக் கூட்டிட்டு வாங்கன்னு கேப்போம்.”

பாண்டிமுருகன் தலையை அசைத்தார். “வேண்டாம்மா. செத்துப்போனவ வீட்டாளுக ஆசப்பட்டாங்கன்னு அந்த மனுசன் பிள்ளையக் கூட்டிட்டுப் போய்ச் செஞ்சிருக்காரு. நீ செஞ்சது தப்புன்னு அவருகிட்ட எந்த பாஷையில சொல்லச் சொல்ற?”

அன்றைய பாடம் நடக்கவில்லை.

வீட்டில் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லலாம் என்று வாயெடுத்த ஒவ்வொரு முறையும் அருணாதேவி பந்தியைப் பற்றியோ லீலாவின் பாவாடை அளவைப் பற்றியோ கேட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்தது, அழைப்பும் வந்தது. லீலா திரை முழுக்க முகத்தை வைத்துக்கொண்டு, “மாமா!” என்று கூவினாள். மீனா சொல்லிக் கொடுத்து அவளிடம் மிஞ்சிய ஒரே தமிழ்ச் சொல் அது. பிறகு தலையை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை திருப்பிக் காட்டினாள்.

“பிடித்திருக்கிறதா?” என்று பிரெஞ்சில் கேட்டாள்.

அவளுக்குப் பின்னால் லூக் நின்றார். நல்லது ஒன்றைச் செய்து முடித்த மனிதனின் முகத்தோடு, இவருடைய பதிலுக்காகக் காத்திருந்தார்.

“உய். மிக அழகு” என்றார் பாண்டிமுருகன். அதற்கு மேல், குத்தும்போது யாருடைய மடியில் உட்கார்ந்திருந்தாய் என்று அவளிடம் கேட்க நினைத்தார். மடிக்குப் பிரெஞ்சில் என்ன சொல்வது என்பதை அவர் தஸ்லிமாவிடம் கேட்டு வைத்திருக்கவில்லை. ஒன்றரை வருடத்தில் அந்தச் சொல் தேவைப்பட்டதே இல்லை. லீலா தானாகவே கையை ஆட்டி ஆட்டிக் கடையைப் பற்றியும், அங்கே தந்த மிட்டாயைப் பற்றியும் சொல்லிக்கொண்டு போனாள். எல்லாம் அவருக்குப் புரிந்தது. “மெர்சி, லூக்” என்று கடைசியில் நன்றி சொன்னார். சரியான உச்சரிப்பில்தான் சொன்னார்.

அடுக்களையிலிருந்து கையைத் துடைத்தபடி வந்த அருணாதேவி, அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து திரையைப் பார்த்தாள்.

“ஏங்க, பிள்ள காதுல என்னமோ மினுங்குது?”

அவள் இன்னும் கிட்டக் குனிந்தாள். அவளுடைய கை அவர் தோளை இறுக்கிப் பிடித்தது. திரையில் லீலா சிரித்துக்கொண்டே எதையோ திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“என்ன சொல்றா?” என்று மெல்லிய குரலில் கேட்டாள் அருணாதேவி.

“வலிக்கலையாம்” என்றார் பாண்டிமுருகன்.