ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு முகம்

என் தம்பி இராசநாயகத்தின் மகள் றொஷானி, ஊர்காவற்துறையில் நண்டுக் கொம்பனியில் வேலை செய்கிறாள். அவித்த நண்டை உடைத்துச் சதையை வேறாக எடுத்துக் கொடுக்கிற வேலை. வெயில் இல்லை, இருக்கக் கதிரையும் உண்டு. ஆனால் அவள் கதிரைக்காகப் போகவில்லை. அங்கே எல்லோரும் மாஸ்க் போட வேண்டும். அதற்காகத்தான் போனாள்.

முகம் முழுக்கப் பரு. பள்ளிக்கூடம் போகிற காலத்தில் தொடங்கியது நிற்கவேயில்லை. ஊர் சொன்னதையெல்லாம் செய்து பார்த்தாள். பயத்தம் மாவைப் போட்டுத் தேய்த்தாள். பற்பசை பூசினாள். தேசிக்காய்ப் புளியைப் பூசிவிட்டு எரிவு தாங்காமல் அழுதாள். தேய்க்கத் தேய்க்கக் கூடியது. கடலில் நாலு முழுக்குப் போட்டால் போகாதோ என்று நானும் ஒருநாள் கேட்டேன். எழும்பி உள்ளே போய்விட்டாள். கொம்பனியில் தேத்தண்ணி குடிக்கும்போதும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் மாஸ்கைக் கீழே இழுப்பாளாம்.

அப்போதுதான் பிரான்சிலிருந்து அவளுடைய மாமி ஒரு பார்சல் அனுப்பினா. சொக்லேட், சவர்க்காரம், நடுவில் பாதி முடிந்த ஒரு களிம்பு ரியூப். மாமி தன் கைச் சொறிக்குப் பூசின மருந்து.

"எனக்கு உடன மாறினது. முகத்துக்கும் நல்லாத்தான் இருக்கும், பூசிப்பார்" என்று போனில் சொன்னா.

வெளிநாட்டுப் பார்சலில் வந்த சாமான் என்றால் எங்கள் தீவில் அதற்கு மேல் விசாரணை கிடையாது. அதில் பிரெஞ்சில் எழுதியிருந்ததை வாசிக்கவும் இங்கே ஆளில்லை.

பூசினாள். ஒரு கிழமைக்குள் முகம் அடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கோயிலில் முன் வாங்கில் வந்து இருந்தாள். அந்த நேரம் பார்த்து, அவள் அண்ணன் அன்ரனிதாசின் மனைவி மாக்கிறேற், பிறந்த பிள்ளையைக் காட்டிக் கேட்டாள்:

"இவனுக்கு நீதான் ஞானத்தாய். சம்மதமோ?"

"ஓம் மச்சாள்!" யோசிக்கவேயில்லை.

ஞானத்தாய் என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஊர் முழுக்கப் பார்க்க, தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நிற்க வேண்டும்.

ஞானஸ்நானம் கிட்ட வர முகத்தில் திரும்பவும் புறப்பட்டது. முந்தின பரு மாதிரி இல்லை. கன்னம் இரண்டும் தீயாகச் சிவந்து, சின்னச் சின்னச் சீழ்க்கட்டி. ஒருநாள் பூசாமல் விட்டால் எரியும். ஆகவே இன்னும் பூசினாள். மாஸ்க் கீழே வழுகின ஒரு நேரம் பக்கத்துக் கதிரையில் இருக்கிற மேரிஜோசப்பின் என்பவள் கண்டுவிட்டாள்.

"எடியே, அவிச்சு இறக்கின நண்டு மாதிரியெல்லே இருக்கிறாய்! தெரியாமல் உன்னையும் உடைச்சுப் போடப்போறன்!"

எல்லோரும் சிரித்தார்களாம். இவளும் சிரித்தாளாம். அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை.

நான்தான் என் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு, தோல் டொக்டரிடம் போனேன். மாஸ்கைக் கழற்றச் சொன்னதும் றொஷானி என்னைப் பார்த்தாள். நான் யன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

ரியூப்பைப் பார்த்த டொக்டரம்மா தலையில் கை வைத்தா. "இது ஸ்டீரொயிட் மருந்து. முகத்தில பூசினால் முதல் அடக்கிக் காட்டும், பிறகு இப்பிடித்தான். இண்டையோட பூசுறதை விடும். விட்ட உடன இன்னும் சிவக்கும். பயந்து திரும்பப் பூசாதேயும்."

"நான் ஒழுங்காத்தான் முகம் கழுவிறனான், டொக்டர்."

"பரு அழுக்கால வாறதில்லை, பிள்ளை. தோலில எண்ணெய் கூடி, துவாரம் அடைபட்டு வாறது. காலமையும் பின்னேரமும் மெதுவாக் கழுவினால் காணும். தேய்க்காதேயும், நுள்ளாதேயும். இந்தக் குளிசையைப் போடும். வெயிலுக்கு இந்தக் கிறீம். பருவுக்குப் பூசுறது இந்தச் சிவப்பு அடங்கினாப் பிறகு தாறன்."

"ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். அதுக்குள்ள மாறுமோ?"

"ஏலாது. மாதக்கணக்காகும்."

திரும்பி வரும் வழி முழுக்க அவள் அந்த ரியூப்பைக் கைக்குள் பொத்திக்கொண்டே வந்தாள்.

சனிக்கிழமை பின்னேரம் நான் அவர்கள் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். றொஷானியின் முகம் டொக்டர் சொன்னதுபோலவே இன்னும் மோசம். கையில் அந்த ரியூப்.

மாக்கிறேற் சொன்னாள், "பூசன். ஒரு நாளைக்குத்தானே."

"ஒரு நாளைக்கெண்டுதான் மச்சாள் ஒவ்வொரு நாளும் பூசினனான்." தலை நிமிரவில்லை. "வேற ஆரையும் பிடியுங்கோ. இந்த முகத்தோட ஏலாது."

"நான் ஒருத்தரையும் பிடிக்கமாட்டன். நீ வராட்டி அவன் ஞானஸ்நானம் இல்லாமலே கிடக்கட்டும்."

பிள்ளை சிணுங்கினான். றொஷானி அவனைப் பார்த்துவிட்டு ரியூப்பை என் பக்கம் நீட்டினாள்.

"பெரியப்பா, இதைக் கொண்டுபோய் எங்கையாவது எறியுங்கோ. என்னட்டை இருந்தால் விடியப் பூசிப்போடுவன்."

வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாஸ்கோடுதான் கோயிலுக்கு வந்தாள். சுவாமியார் கேள்வி கேட்கத் தொடங்கியதும், தன் மறுமொழி எல்லோருக்கும் கேட்க வேண்டுமே என்று மாஸ்கைக் கழற்றி இடுப்பில் செருகினாள். காது வரைக்கும் சிவந்துபோய் நின்றாள். மறுமொழி மட்டும் கடைசி வாங்கில் இருந்த எனக்கும் கேட்டது.

பிறகு படம் எடுக்க நிற்கும்போது பிள்ளையைத் தன் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தாள்.

"பிள்ளையைக் கொஞ்சம் இறக்குங்கோ, அக்கா" என்றான் படம் எடுக்கிறவன்.

கொஞ்சம் இறக்கினாள். கண்ணை மட்டும் நிலத்திலிருந்து எடுக்கவில்லை.