வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்

ராஜகீழ்ப்பாக்கத்து அந்தப் பள்ளிக்கூடத்தில் ஷர்மிளா மிஸ்ஸிடம் ஒரு விசில் உண்டு, ஒரு ஸ்டாப் வாட்ச் உண்டு, காற்றுப்போன வாலிபால்கள் ஒரு மூட்டை உண்டு. இல்லாதது பீரியட்தான். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவின் திங்கட்கிழமை பி.டி. பீரியடை சயின்ஸ் வாங்கிக்கொள்ளும், புதன்கிழமையதை இங்கிலீஷ். "போர்ஷன் முடியல மிஸ், இன்னைக்கு மட்டும்" என்று யாராவது கதவுக்குள் தலையை நீட்டினால் போதும், பிள்ளைகள் தாமாகவே ஷூ லேஸை இறுக்குவதை நிறுத்திவிடுவார்கள். அந்த "இன்னைக்கு மட்டும்" ஜூன் மாதம் தொடங்கியது.

ஷர்மிளா கோவளம் பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண். ஓட்டத்தில் மாவட்ட அளவில் ஜெயித்தவள், உடற்கல்வி படித்துவிட்டு அதற்கு மேலும் படித்தவள். உழைக்கும்போது இதயமும் நுரையீரலும் தசையும் என்ன செய்கின்றன என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவாள். கேட்கத்தான் ஆளில்லை. மீன் விற்கும் அம்மா முத்தாலம்மாளோ, "இம்மாம் படிச்சுட்டு பசங்கள ஓடவுட்டு வேடிக்க பாக்குறதுக்கா சம்பளம் தர்றாங்கோ?" என்பாள். "எங்க ஓடுறது? ஓடவே வுட மாட்டேன்றாங்கம்மா" என்பாள் இவள்.

மிச்சமிருந்தது வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். கணக்கு வாத்தியார் சத்யநாராயணன் சாரின் கண் அதன்மேலும் விழுந்தது. இரவல் கேட்கிற ஆள் இல்லை அவர். டைம்டேபிளிலேயே மாற்றித் தரும்படி நேராகப் பிரின்சிபால் மேடத்திடம் போய்விட்டார். "ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு வாங்க" என்று மேடம் கைகழுவிவிட்டார்.

ஷர்மிளா யோசித்துப் பார்த்தாள். இதுவும் போனால் பிள்ளைகள் கிரவுண்டை ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். சண்டை போடலாம்தான். ஆனால் அந்த மனுஷரிடம் வாய்ச்சண்டையில் ஜெயித்தவர் இதுவரை கிடையாது. அவர் மயங்குவது ஒன்றுக்குத்தான், நம்பருக்கு.

"ஒரு பந்தயம் சார். பெஞ்ச் மேல ஏறி ஏறி இறங்கணும். முடிச்சதும் உக்கார வெச்சு பல்ஸ் பாப்போம். சீக்கிரமா பழைய நிலைக்கு வந்துட்டா பீரியட் உங்களுது. வரலைன்னா இனிமே அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கக் கூடாது."

"நான் டெய்லி வாக்கிங் போறவன் மிஸ்" என்று சார் சிரித்தார். அந்த வாக்கிங்கை ஊரே அறியும். ஏரிக்கரையில் பத்தடிக்கு ஒருதரம் நின்று அரசியல் பேசி, கடைசியில் பொங்கல் வடையில் முடிகிற வாக்கிங் அது. இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தால்தான் ஆச்சு என்று ஷர்மிளா அடம்பிடித்தாள். அவரும் காட்டிவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை பந்தயம் நடந்தது. வகுப்பே கைதட்டித் தாளம் போட, சார் ஏறினார், இறங்கினார், கொஞ்ச நேரத்தில் சட்டை நனைந்து பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். மணிக்கட்டைப் பிடித்து எண்ணிய முதல் பெஞ்ச் ஸஹானா, "சார், இன்னும் குறையவே இல்ல சார்" என்றாள். "சரியா எண்ணும்மா." "மூணு தடவ எண்ணிட்டேன் சார்."

பிள்ளைகள் விசிலடிக்கப் போன நேரம், ஷர்மிளா கையை உயர்த்தினாள். "இது கணக்குல சேராது. பயிற்சி இல்லாம வந்தவரை ஜெயிக்கிறது ஒரு ஜெயிப்பா? அரைப்பரீட்சைக்கு முன்னாடி நிஜ டெஸ்ட். அதுவரைக்கும் நானே சாருக்கு ட்ரெய்னிங் தர்றேன்."

வகுப்பு வாயைப் பிளந்தது. மிஸ்ஸுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று ஸஹானா முடிவே கட்டிவிட்டாள்.

நடந்து பழகினால் நடைதான் வரும், ஏறி இறங்குவதற்கு ஏறி இறங்கித்தான் பழகணும் என்று முதலில் சாரின் வாக்கிங் பெருமையை மூட்டை கட்டினாள். தாழ்வான பெஞ்சில் தொடங்கி, உடம்பு பழகப் பழக உயரத்தையும் வேகத்தையும் கொஞ்சமாகக் கூட்டினாள். சாருக்குப் பொறுக்கவில்லை. "டபுளா செஞ்சா பாதி நாள்ல முடியுமே மிஸ்?" "உடம்புக்கு உங்க விகிதம் எல்லாம் தெரியாது சார்." அவர் கேட்கவில்லை. வீட்டு மாடிப்படியில் திருட்டுத்தனமாக ஏறித் தள்ளிவிட்டு, மறுநாள் தொடை பிடித்துக்கொண்டு கைப்பிடிச் சுவரைக் கட்டிப்பிடித்தபடி பக்கவாட்டில் இறங்கினார். "ரெண்டு நாள் சும்மா இருங்க" என்றாள் ஷர்மிளா. "சும்மா இருந்தா எப்படி மிஸ் பலம் வரும்?" "அப்போதான் சார் வரும். உழைக்கிறப்ப உடம்பு களைச்சுப் போகுது. ஓய்வுலதான் முன்னைவிட பலமா தேறுது."

பயிற்சிக்குப் பெஞ்ச் கிடைப்பது காலை அசெம்பிளிக்கு முன்னாலும் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடிலும்தான். ஆகவே வெள்ளிக்கிழமைகளில் சார் ஏறி இறங்க, பிள்ளைகள் கிரவுண்டில் ஓடினார்கள். பல்ஸ் இறங்குவதை சார் கிராஃப் போட்டு, வாராவாரம் கோடு செங்குத்தாக விழுவதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தார். பொங்கல்கூடப் பாதியானது.

நிஜ டெஸ்டில் சார் ஜெயித்தார். எண்ணி முடிப்பதற்குள் பல்ஸ் சமர்த்தாக இறங்கிவிட்டது. மேடம் அன்றைக்கே டைம்டேபிளில் பி.டி.யை அடித்துவிட்டுக் கணக்கு என்று எழுதினார். "நீங்களே ட்ரெய்ன் பண்ணி நீங்களே தோத்துட்டீங்களே மிஸ்!" ஸஹானாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஷர்மிளா சாருக்குக் கைகொடுத்தாள். "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன் சார். இந்தத் தெம்பைச் சேத்து வெக்க முடியாது. விட்டீங்கன்னா சில வாரத்துலயே எல்லாம் கரைய ஆரம்பிச்சுடும்."

சார் முகம் சுருங்கியது. "கோடு பழையபடி ஆயிடுமா?"

"விட்டுப் பாருங்க, தெரியும்."

அடுத்த வெள்ளிக்கிழமை, கடைசி பீரியடுக்கு மணி அடித்தது. பி.டி. ரூமில் ஷர்மிளா பந்துமூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் பல்ஸை யாராவது பார்த்திருந்தால் பயந்திருப்பார்கள். மேலே சார் குரல் கேட்டது, புத்தகம் திறக்கும் சத்தம் கேட்டது. ஆள் நிஜமாகவே பாடம் நடத்திவிடுவாரோ? மனுஷரைத் தப்பாக எடைபோட்டு, இருந்த ஒன்றையும் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிக் கொடுத்துவிட்டோமோ என்று விசில் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

அப்புறம் மாடிப்படியில் தடதடவென்று வகுப்பு முழுக்க இறங்கி வந்தது. முன்னால் சார். "டேட்டா இல்லாம எப்படி கிராஃப் போடுவீங்க? போய் ஓடிட்டு வந்து பல்ஸ் எடுங்க. மிஸ், அந்தப் பெஞ்ச்..."

பெஞ்சில் சார் மூச்சு வாங்க ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது சயின்ஸ் ஃபிரெடி சார் வந்தார். "சார், ரெக்கார்ட் வொர்க் முடியல, இன்னைக்கு மட்டும் இந்தப் பீரியட்..."

"ஃபிரெடி சார், இது மேத்ஸ் பீரியட்!"

"ஐயோ ஸாரி சார், பி.டி.ன்னு நெனச்சுட்டேன்" என்று அவர் வந்த வழியே திரும்பி ஓடினார்.

ஷர்மிளாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கணக்கு என்று போட்டுவிட்டால் அதை எவரும் தொட மாட்டார்கள் என்று பந்தயம் கட்டின அன்றைக்கே அவளுக்குத் தெரியும். ஆனாலும் தான் படித்த படிப்பு வேறொரு பாடத்தின் பெயரில்தான் பிழைக்க வேண்டியிருக்கிறது என்பது சுருக்கென்று குத்தியது. கிரவுண்டில் ஸஹானா எல்லோருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். ஷர்மிளா விசிலை எடுத்து, பிரின்சிபால் ரூம் வரை கேட்கும்படி ஊதினாள்.