குடிபோகும் வீட்டுக்கு அம்சவள்ளி உப்பு

மரக்காணம் உப்பளத்தில் அம்சவள்ளியிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. ஊருக்கு வெளியே காலனியில் பிறந்து, பன்னிரண்டு வயதில் பாத்தியில் இறங்கியவள். இருபத்தாறு வருஷம் வெயிலில் நின்று உப்பு வாரியதில் கால் வெடித்தது, கண் சிவந்தது, வாய் மட்டும் அப்படியே இருந்தது. எட்டுப் பாத்தியை உள்குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாக உப்பு விளைவித்தாள். விளைந்ததெல்லாம் வியாபாரி தனக்கோடியின் லாரியில்தான் ஏறும். மூட்டையில் அவர் கடைப் பேர்தான் இருக்கும். வாரியவள் பேரை எவன் கேட்டான்?

2006-ஆம் வருஷம்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. புருஷன் பாவாடை சென்னையில், கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருக்கிற ரோட்டில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தான். ஊருக்கு வந்தபோது ஒரு கதை சொன்னான். அங்கே முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் பத்து வீடு குடிபோகிறார்களாம். முதலில் உப்பும் மஞ்சளும்தான் வீட்டுக்குள் போக வேண்டும், ஆனால் பக்கத்துக் கடைகளில் தூள் உப்புப் பாக்கெட்தான் இருக்கிறது, கார் வைத்திருக்கிறவனெல்லாம் கல்லுப்புக்கு அலைகிறான் என்று சிரித்தான். அம்சவள்ளி சிரிக்கவில்லை. மறுநாளே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்த மேரிசெல்வியிடம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

மேரிசெல்வி கெட்டிக்காரி. அப்போது ஆர்குட் என்று ஒன்று கம்ப்யூட்டரில் பரவி ஜனங்களைப் பைத்தியமாக அடித்துக்கொண்டிருந்தது. அதில் புது ஃபிளாட் வாங்கியவர்கள் ஒரு குழு வைத்துக்கொண்டு, டைல்ஸ் எங்கே மலிவு, ஐயர் எங்கே கிடைப்பார் என்று பேசிக்கொள்வதைக் காட்டினாள். அம்சவள்ளி தினசரிக் காலண்டரைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். ஆடியில் எவனும் குடிபோக மாட்டான், அதனால் மூச்சு விடக் கூடாது. ஆவணி முகூர்த்தம் ஒவ்வொன்றுக்கும் பத்து நாள் முன்னால் குழுவில் விளம்பரம் போட வேண்டும், அப்போதுதான் ஜனம் சாமான் பட்டியல் எழுதும். சின்ன மண்பானையில் கல்லுப்பு, மேலே ஒரு விரலி மஞ்சள். பஸ்ஸில் ஏற்றினால் திருவான்மியூரில் பாவாடை இறக்கிக்கொள்வான். பெரிய படிப்புப் படித்தவனுக்கு இதைவிட என்ன தெரிந்துவிடப் போகிறது!

எந்தப் படத்தைப் போடுவது என்பதில்தான் தகராறு வந்தது. லட்சுமி படம் போடலாமே என்றாள் மேரிசெல்வி. விஷயம் காதில் விழுந்து தனக்கோடியும் சென்டருக்கு வந்துவிட்டார். யோசனை பிரமாதம் என்று மெச்சினார். தன் கடைப் பேரில் விற்றால் வண்டியும் தருவதாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நெனைக்காத. நீ காலனி. உம் மொகத்தப் போட்டா நல்ல காரியத்துக்கு எவன் வாங்குவான்?"

அம்சவள்ளிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. லட்சுமி வந்து இந்த வெயிலில் உப்பு வாரினாளா என்று கேட்டாள். மேரிசெல்வியை கேமராவோடு உப்பளத்துக்கே இழுத்துக்கொண்டு போனாள். முழங்கால் வரை சேறு, கையில் உப்பு வாரும் பலகை, முகத்தில் ஒரு முறைப்பு. அந்தப் படம்தான் போயிற்று. கீழே பெரிய எழுத்தில் 'அம்சவள்ளி உப்பு, மரக்காணம்'.

முதல் முகூர்த்தத்துக்கு ஏழு பானை போனது. வாங்கியவர்களில் ஒருத்தி தன் வீட்டு வாசற்படியில் பானையை வைத்துப் படம் எடுத்துப் போட்டாள். அவ்வளவுதான், எனக்கும் எனக்கும் என்று கிளம்பிவிட்டார்கள். அடுத்த முகூர்த்தத்துக்குப் பதினாறு. அதற்கடுத்து ஒரு அடுக்குமாடியே, அறுபத்து நாலு வீடும், ஒரே நாளில் குடிபோவதாக அதன் செயலாளர் எழுதினார். அறுபத்து நாலு பானை கேட்டார். அம்சவள்ளி பானைகளை வாங்கி, ஒவ்வொன்றிலும் தன் பேரை வெள்ளைப் பெயின்ட்டில் எழுதி அடுக்கினாள். வீட்டில் கால் வைக்க இடமில்லை.

நாலு நாள் இருக்கும்போது, குழுவில் எல்லாரும் பார்க்க, செயலாளர் ஒரு கேள்வி போட்டிருந்தார். மேரிசெல்வி படிக்கத் தயங்கினாள். அம்சவள்ளி விடவில்லை.

"போட்டோல இருக்கிற அம்மாதான் உப்பு அள்ளுறாங்களா? அவங்க என்ன ஆளுங்க? பூஜையில வைக்கிறது, அதான் கேக்குறோம். வேற யாராவது அள்ளிக் குடுத்தாலும் சரி."

வேறு ஆள் அள்ளியது என்று ஒரு பொய் சொல்லிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றாள் மேரிசெல்வி. அம்சவள்ளிக்கு அழுகை வந்தது. அந்த ஆள் கேட்டு நான் அழுவதா என்று அதை விழுங்கினாள். சொல்வதை அப்படியே அடிக்கச் சொன்னாள்.

"நான் காலனிதான். நாந்தான் வார்னேன். இத்தினி வருஷமா உங்க வூட்டு ஜாடியில இருக்கிற உப்ப யாரு வார்னான்னு கேட்டீங்களா? உங்களுக்கு உப்பு இல்ல."

மேரிசெல்வியின் விரல் நின்றுவிட்டது. உப்பு இல்லை என்று எந்த வீட்டிலும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஜாடி காலியானால்கூட நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். குடிபோகிறவர்களிடம் போய் அதைச் சொல்வதா, கடைசி வரியை மட்டும் எடுத்துவிடலாம் அக்கா என்று கெஞ்சினாள். தெரிந்துதான் சொல்கிறேன் என்றாள் அம்சவள்ளி. எதை அமுக்க வேண்டும் என்று கேட்டு, மவுஸைத் தானே அமுக்கினாள்.

குழு ரெண்டுபட்டது. திமிரைப் பார் என்று திட்டினவர்கள் உண்டு. வேறு நாளுக்குக் கேட்டிருந்த ஒன்பது பேர் சத்தமில்லாமல் கழன்றுகொண்டார்கள். அந்த அடுக்குமாடியிலேயே ஐந்து பேர் செயலாளரை ஒதுக்கிவிட்டுத் தனியாக எழுதி, அவள் பேர் போட்ட பானைதான் வேண்டும் என்றார்கள். ஐந்தையும் அனுப்பினாள்.

தனக்கோடி வீட்டு வாசலில் வந்து நின்று, சொன்னேனே கேட்டாயா என்று ஆரம்பித்தார். செயலாளர் இன்னும் கல்லுப்புக்கு அலைகிறாராம். மீதிப் பானைகளில் பேரைச் சுரண்டிவிட்டுக் கொடுத்தால், அதே ஆளிடம் தன் கடை உப்பு என்று விற்றுத் தருகிறாராம். யாருக்கும் நஷ்டமில்லையாம்.

அம்சவள்ளி அடுக்கியிருந்த பானைகளை ஒரு தரம் பார்த்தாள்.

"ஒன்னும் வேணாங்க," என்றாள். "உப்பில்லாமக் குடிபோவட்டும்."